ஊத வேண்டிய நாளில் ஊத வேண்டும்: சைரன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்தவெளி எச்சரிக்கைச் சைரன்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், வடிவமைப்புப் பொறியாளர்களுக்கும், முக்கியமாக விற்பனைப் பிரிவினருக்கும் வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளன் இல்லை. வாங்கும் முடிவை எடுப்பவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டு, நீங்கள் கம்பத்தை நட்டுவிட்டுப் போன பிறகு, அதில் ஏணி சாத்தி ஏறுகிறவன் நான். பேட்டரி மாற்றுவது, துருப்பிடித்த முனையைச் சுரண்டுவது, சத்தம் வெளியே வரும் கொம்புக்குள் கூடு கட்டிய குளவியைக் கலைப்பது எல்லாம் என் பாடு. எந்தக் கம்பெனிப் பெட்டியில் எந்தத் திருகு கழலாது என்பது வரை எனக்கு அத்துப்படி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் தொழிலைப் போல ஒரு விசித்திரமான தொழிலை நான் பார்த்ததில்லை. இதைப் பயன்படுத்தும் நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் ஒருவர் இதை வாங்குகிறார். காசு கொடுப்பவர் ஒருவர், பொத்தானை அழுத்துபவர் இன்னொருவர், சத்தம் கேட்டு ஓட வேண்டியவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவரை உங்கள் விற்பனைப் பிரதிநிதி ஒருநாளும் சந்திப்பதில்லை. சரக்கு சரியில்லை என்பது தெரியவரும் நாளில், புகார் சொல்ல அவர் உயிரோடு இருப்பாரா என்பதே சந்தேகம். அப்புறம் விசாரணை நடக்கும். அதிகாரி ஒருவர் பதவி விலகுவார். அறிக்கையில் கம்பெனியைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிய விஷயம்.

நான் கேட்கப்போவது ஒன்றுதான். விற்ற நாளோடு கை கழுவாதீர்கள். அது ஊத வேண்டிய நாள் வரைக்கும் நீங்களும் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் அந்த டெசிபல் கணக்கு, அதாவது சத்தத்தின் அளவு. உங்கள் கேட்டலாக்கைத் திறந்தால் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண் நிற்கிறது. 128, 130, 135. எங்கே அளந்தது? கொம்பிலிருந்து 100 அடி, அதாவது ஏறக்குறைய 30 மீட்டர் தூரத்தில், கொம்பு நேராகப் பார்க்கும் திசையில். சரி, அளவுக்கு ஒரு பொது முறை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 30 மீட்டரில் யார் குடியிருக்கிறார்கள்? சத்தம் போய்ச் சேர வேண்டியது அதையும் தாண்டி இருக்கும் வீடுகளுக்கு.

தடை எதுவும் இல்லாத வெட்டவெளியில், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். இது பாடப்புத்தகக் கணக்கு. கட்டடம், மரம், மேடு பள்ளம், காற்று எல்லாம் உள்ள நிஜமான ஊரில் அது செல்லாது. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 1980இல் வெளியிட்ட திறந்தவெளி எச்சரிக்கை வழிகாட்டி, தூரம் இரட்டிக்கும்போது 10 டெசிபல் குறையும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 130 டெசிபல் சைரன் 70 டெசிபலாகத் தேய்வதற்கு, முதல் கணக்கில் 30 கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டாவது கணக்கில் இரண்டு கிலோமீட்டருக்குள் கதை முடிந்துவிடும். ஒரே சைரன், ஒரே கம்பம். எந்தக் கணக்கைப் போட்டு வரைபடத்தில் வட்டம் வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு ஊருக்கு ஐந்து கம்பமா ஐம்பது கம்பமா என்பது மாறுகிறது. டெண்டரில் போட்டி கடுமையாக இருக்கும்போது அந்த வட்டங்கள் எப்படிப் பெரிதாகின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த 70 டெசிபலும் தெருவில் நிற்பவனுக்குத்தான். ஜன்னலைச் சாத்தினால் அதில் இருபது இருபத்தைந்து டெசிபல் வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே விசிறி, டிவி, மழைச் சத்தம். தூங்குகிறவனை எழுப்ப அதில் என்ன மிஞ்சும்? திறந்தவெளிச் சைரன் வெளியில் இருப்பவர்களுக்காகத்தான் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். கையேட்டில் எங்கோ பொடி எழுத்தில் போட்டும் இருக்கிறீர்கள். ஆனால் டெமோ நாளில் என்ன நடக்கிறது? வாங்கப்போகும் அதிகாரிகளைக் கம்பத்தடிக்கே கூட்டிவருகிறீர்கள். சைரன் ஊதுகிறது. எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், "அடேங்கப்பா" என்கிறார்கள். அன்று மாலையே காரியம் முடிந்துவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கதவைச் சாத்திய ஓர் அறைக்குள் அவர்களை உட்காரவைத்து ஒரு டெமோ காட்டிய கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது செய்தால் அவர்கள் சரக்கை நானே சிபாரிசு செய்கிறேன்.

இந்தச் சத்தப் போட்டி இன்று நேற்று வந்ததில்லை. 1952இல் கிறைஸ்லர் கார் கம்பெனி ஒரு வான்தாக்குதல் சைரனைக் கொண்டுவந்தது. அதை ஓட்டியது 180 குதிரைத்திறன் வி-8 பெட்ரோல் எஞ்சின். 100 அடியில் 138 டெசிபல். ஏறக்குறைய 350 எண்ணிக்கைதான் செய்தார்கள். அசுர யந்திரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டடக் கூரையில் நிற்கும் ஒரு கார் எஞ்சினை, என்றோ வரப்போகும் ஒரு நாளுக்காக, கூப்பிட்ட குரலுக்கு ஓடும் நிலையில் வைத்திருப்பது யார்? எண்ணெய் மாற்ற வேண்டும், பெட்ரோல் கெடாமல் பார்க்க வேண்டும், குளிரில் கிளம்புகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஆள் போடாத இடங்களில் அது கூரையிலேயே துருப்பிடித்தது. அதே ஆண்டில் ஃபெடரல் சிக்னல் என்ற கம்பெனி கொண்டுவந்த சைரனுக்குப் பெயர் தண்டர்போல்ட், இடி. பிறகு வந்த மற்ற கம்பெனிகளின் பெயர்ப்பட்டியலில் ஹரிக்கேன் உண்டு, டெம்பஸ்ட் உண்டு, இரண்டும் புயல்தான். ஸ்லோவாக்கியாவின் டெலிகிராஃபியா கம்பெனி தன் மின்னணுச் சைரன்களுக்கு, அதாவது மோட்டார் இல்லாமல் ஸ்பீக்கரில் ஒலிப்பவற்றுக்கு, பவியான், கிப்பன் என்று குரங்குப் பெயர்களாக வைத்திருக்கிறது. அதில் ஒரு நகைச்சுவையாவது இருக்கிறது. ஆனால் 'நம்பகம்' என்றோ 'தவறாதது' என்றோ பொருள்படும் பெயரை ஒருவரும் வைக்கவில்லை. எது விற்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

நான் பழைய மோட்டார் சைரனின் ரசிகன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நடுநிலை என்று வேஷம் போட விரும்பவில்லை. துளைகள் உள்ள ஒரு உருளை, துளைகள் உள்ள ஒரு கூட்டுக்குள் சுற்றுகிறது. துளைகள் நேருக்கு நேர் வரும்போது காற்று பீறிடுகிறது, விலகும்போது வெட்டுப்படுகிறது. பத்துத் துளை உருளை வினாடிக்கு ஐம்பது சுற்று சுற்றினால் வினாடிக்கு 500 அதிர்வு, அதாவது 500 ஹெர்ட்ஸ். அவ்வளவுதான் சமாச்சாரம். பத்தும் பன்னிரண்டுமாக இரண்டு வரிசைத் துளைகளை ஒரே தண்டில் சுற்றவிட்டால், இரண்டு சுரங்கள் ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் சேர்ந்து ஒலிக்கும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் முழுக்க ஒலித்த, வயிற்றைப் பிசையும் அந்த ஓலம் இப்படிப் பிறந்ததுதான். திறந்து பார்த்தால் கோளாறு கண்ணுக்குத் தெரியும். பேரிங் போனால் கையால் சுற்றினாலே தெரிந்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு பெரிய குறை உண்டு. நேரடியாக மின் இணைப்பில் ஓடுவதை மட்டும் நம்பி நட்டுவிட்டால், புயலில் முதலில் போவது மின்சாரம். எந்தப் புயலுக்காக நட்டோமோ அந்தப் புயலில் அது ஊமை.

அதனால் பேட்டரி வந்தது. அதிலிருந்துதான் என் தலைவலியும் தொடங்கியது.

ஒரு பெட்டியை உங்களுக்குத் திறந்து காட்டுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், எல்லோரிடமும் இதே கதைதான். வெயிலை நேராக வாங்கும் பக்கத்தில் பூட்டிய எஃகுப் பெட்டி. உள்ளே கீழ்த்தட்டில் நான்கு ஈய-அமிலப் பேட்டரிகள், மேலே சார்ஜர், அதற்கும் மேலே ஆம்ப்ளிஃபயர் வரிசை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் இந்தக் கம்பத்துக்கு நேராக 'சரி' என்று இருக்கிறது, மாதக்கணக்காக அப்படித்தான் இருக்கிறது. பேட்டரியின் பக்கச்சுவரில் விரலை வைத்தால் உப்பியிருப்பது தெரிகிறது. மீட்டரை வைத்தால் வோல்ட் சரியாகவே காட்டுகிறது. ஆனால் சுமை கொடுத்துப் பார்த்தால் சில வினாடிகளில் தலை குப்புற விழுகிறது. சைரன் முழு பலத்தில் ஊதியிருந்தால் ஒரு முனகலோடு அடங்கியிருக்கும். அதாவது செத்த பேட்டரியை உங்கள் மென்பொருள் மாதக்கணக்காக 'சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அது பார்த்தது சுமையில்லாத வோல்ட்டை மட்டும். இந்த வகைப் பேட்டரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்தும் பெட்டிக்கு ஒரு நிழல் தகடு போடவில்லை. கையேட்டில் மட்டும் பேட்டரி ஆயுள் குளுகுளு அறையில் அளந்ததாக இருக்கிறது.

'மௌனச் சோதனை' பற்றியும் பேச வேண்டும். மக்களுக்குத் தொந்தரவு இல்லாமல், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் மின்னணுச் சைரனைச் சோதிக்கும் வசதி. மோட்டார் சைரனில் ஒரு நொடி மட்டும் உறுமவிட்டு நிறுத்துவார்கள். இரண்டும் நல்ல வசதிகள்தான், தினமும் செய்யலாம். ஆனால் மௌனச் சோதனை பார்ப்பது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் சுருளும் மின்சாரத்தை ஏற்கிறதா என்பதை. கொம்பு முழுக்கக் குளவிக்கூடு அடைத்திருந்தாலும் அது தேறிவிடும். நொடி உறுமலில் மோட்டார் முழு வேகத்துக்கு ஏறுமா என்பது தெரியாது. இதை வைத்துக்கொண்டு, இனிமேல் சத்தமாகச் சோதிக்கவே தேவையில்லை என்று நீங்கள் சொல்லித்தருகிறீர்கள் பாருங்கள், அதைத்தான் ஆட்சேபிக்கிறேன். கம்பத்தடியில் ஒரு மைக் வைத்து, ஊதும்போது உண்மையிலேயே எவ்வளவு சத்தம் வெளியே வந்தது என்பதைப் பதிவு செய்வது அப்படி ஒன்றும் பெரிய செலவில்லை. அது கூடுதல் கட்டண வசதியாக இல்லாமல் எல்லாக் கம்பத்திலும் இருக்க வேண்டும்.

அடுத்தது பொத்தான். இங்கேதான் நீங்கள் "அது எங்கள் வேலை இல்லை" என்பீர்கள்.

2025 மே 16 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சூறாவளி தாக்கியபோது சைரன்கள் ஊதவில்லை. அவசரகாலத் துறை அழுத்துவதா தீயணைப்புத் துறை அழுத்துவதா என்ற குழப்பம். பிறகு சோதித்தபோது தீயணைப்புத் துறையிடம் இருந்த பொத்தானே வேலை செய்யவில்லை என்பதும் வெளியே வந்தது. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா எரிந்தபோது, மவுயி தீவில் இருந்த எண்பது சைரன்களில் ஒன்றும் ஊதப்படவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சைரன் என்றால் சுனாமி என்று பழகிய மக்கள் மலைப்பக்கம், தீயை நோக்கியே ஓடியிருப்பார்கள் என்று அவசரகால அமைப்பின் தலைவர் விளக்கம் சொன்னார், அடுத்த நாள் பதவி விலகினார். அந்த விளக்கத்தை வைத்து அவரைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் அதிலே ஒரு உண்மை இருக்கிறது. எல்லா ஆபத்துக்கும் ஒரே ஓலம் என்று விற்ற யந்திரத்தில், எந்த ஆபத்து, எந்தப் பக்கம் ஓடுவது என்பதைச் சொல்ல வழியில்லை.

போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி யூனியன் கார்பைடு ஆலையில் வாயு கசிந்தபோது, வெளியில் இருக்கும் மக்களுக்கான அபாயச் சங்கு கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நிறுத்தப்பட்டது. தொழிலாளர்களுக்கான உள் எச்சரிக்கையையும் ஊருக்கான சங்கையும் 1982இலேயே தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள், சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் ஊர் மிரளக்கூடாது என்று. மறுபடி தொடர்ந்து ஊதியபோது நேரம் கைமீறிவிட்டது. சங்கில் ஒரு கோளாறும் இல்லை. அதை அணைக்கும் வசதி மட்டும் ரொம்ப எளிதாக இருந்தது. அணைப்பவன் யார், எப்போது அணைத்தான், ஏன் அணைத்தான் என்பது அழியாத பதிவாக நிற்கும்படி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வடிவமைப்பது உங்கள் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

சத்தத்தின் பொருளும் அப்படித்தான். ஹவாயின் ஹீலோவில் 1960 மே 22 இரவு எட்டரை மணி வாக்கில் சைரன் ஊதியது. அலை வந்தது நள்ளிரவுக்குப் பிறகு. நான்கு மணி நேரம் கையில் இருந்தும் 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சைரனைக் கேட்டிருந்தார்கள் என்றும், ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் பாதிக்கும் குறைவு என்றும் பிறகு நடந்த ஆய்வு சொன்னது. முன்பு படிப்படியாகப் பல முறை ஊதும் ஏற்பாடு இருந்தது, அதை ஒரே ஒலியாகச் சற்று முன்புதான் மாற்றியிருந்தார்கள். இது முதல் சங்குதான், இன்னும் ஊதுவார்கள் என்று பலர் காத்திருந்தார்கள். 2011 மே 22 அன்று அமெரிக்காவின் மிசோரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் சூறாவளிக்கு இருபது நிமிடத்துக்கும் முன்னதாகவே சைரன் ஊதியது. அங்கே 158 பேர் இறந்தார்கள். அடிக்கடி கேட்டுப் பழகிய சத்தம் என்பதால், முதல் சைரனுக்கே பதுங்கியவர்கள் குறைவு. வெளியே எட்டிப்பார்த்து, டிவி பார்த்து உறுதி செய்துகொள்ள நேரம் போயிற்று.

சுவிட்சர்லாந்து இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். நிலையான சைரன்கள் மட்டும் ஏறக்குறைய ஐயாயிரம். பொது எச்சரிக்கை என்றால் ஒரு நிமிடம் ஏறி இறங்கும் ஒலி, அதற்குப் பொருள் ரேடியோவைப் போடு. அணைக்குக் கீழே உள்ள பகுதிகளில் அது தவிர இன்னொரு ஒலி உண்டு: இருபது வினாடி நீளத்தில் பன்னிரண்டு தாழ்ந்த ஒலிகள், நடுவில் பத்துப் பத்து வினாடி இடைவெளி. அதற்குப் பொருள் உடனே இடத்தைக் காலி செய். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் புதன்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு எல்லாச் சைரனையும் சத்தமாகவே ஊதிப் பார்க்கிறார்கள். இரண்டே இரண்டு ஒலி, இரண்டே இரண்டு வேலை. உங்கள் மின்னணுச் சைரன்களிலோ பத்துப் பன்னிரண்டு ஒலிகள் தயாராகப் பதிந்து வருகின்றன. வாங்கியவர் ஆசைக்கு எதையோ தேர்ந்தெடுக்கிறார், பக்கத்து ஊர் வேறு எதையோ எடுக்கிறது. யந்திரத்தோடு, இந்த நாட்டில் எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் போட்டுத் தாருங்கள். மீதியைப் பூட்டிவிடுங்கள்.

ஒலிக்குப் பதில் பேச்சைப் போட்டால் குழப்பமே இல்லையே என்பீர்கள். பேசும் சைரன் உங்களுக்கு இப்போது நல்ல வியாபாரம். ஆனால் ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும். 700 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால், ஒன்றின் அருகில் நிற்பவனுக்கு மற்றதன் குரல் இரண்டு வினாடி கழித்து வந்து முதல் குரலின் மேல் ஏறும். 'கரையை விட்டு விலகுங்கள்' என்பது காற்றில் கரைந்து ஏதோ முழக்கமாகத்தான் கேட்கும். சிறு சிறு வாக்கியமாக, இடைவெளி விட்டு, கம்பம் கம்பமாக மாற்றிப் பேசவைத்தால் சமாளிக்கலாம். அதை நிறுவும்போதே செய்துகொடுக்க வேண்டும். பெரும்பாலும் நாங்கள்தான் பிறகு உட்கார்ந்து சரிசெய்கிறோம்.

இதுவரை சொன்னது ஊத வேண்டியபோது ஊதாத கதை. ஊதக்கூடாதபோது ஊதிய கதையும் உங்கள் கணக்கில் இருக்கிறது. 2017 ஏப்ரல் 7 வெள்ளிக்கிழமை, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அமெரிக்காவின் டல்லஸ் நகரின் 156 சைரன்களும் ஒன்றாக ஊதத் தொடங்கின. நிறுத்தினால் மறுபடி ஊதின. கடைசியில் மொத்த அமைப்பையும் அணைத்துத்தான் நிறுத்த முடிந்தது, அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அவசர எண்ணுக்கு 4,400 அழைப்புகளுக்கு மேல் வந்து குவிந்தன. உண்மையிலேயே நெஞ்சுவலி வந்தவன் அன்று இரவு வரிசையில் காத்திருந்திருப்பான். யாரோ கணினிக்குள் நுழைந்து செய்ததில்லை, ரேடியோ வழியாகச் செய்தது என்று நகர நிர்வாகம் சொன்னது. அடுத்த ஆண்டு பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், சான் ஃபிரான்சிஸ்கோவின் சைரன்களுக்குப் போகும் ரேடியோ கட்டளைகள் மறைக்குறியீடு இல்லாமல் போகின்றன, தெரிந்தவன் அவற்றைப் போலியாக அனுப்ப முடியும் என்று காட்டியது. செவ்வாய்க்கிழமைதோறும் நண்பகலில் ஊதிய அந்த நகரின் சைரன்களை, மேம்படுத்துவதற்காக 2019 டிசம்பரில் நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டு வேலை என்றார்கள். அதற்குள் முடியவில்லை.

பாதுகாப்பில்லாத ரேடியோ கட்டளை ஏன் இவ்வளவு காலம் ஓடியது? யாரும் கேட்கவில்லை, அதனால் நீங்களும் தரவில்லை. மாதச் சோதனையில் காற்றில் போகும் கட்டளையை யாரோ பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால், சைரனுக்கு வித்தியாசம் தெரியாது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாத ரகசியமா? ஒவ்வொரு கட்டளையும் ஒருமுறைக்கு மேல் செல்லாதபடி செய்யும் முறைகள் கார் சாவிகளிலேயே வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதைப் புதிய மாடலில் மட்டும் சேர்த்து, பழையதை வைத்திருப்பவர்களிடம் "மாற்றிக்கொள்ளுங்கள்" என்று விலைப்பட்டியல் நீட்டுவது முறையில்லை. விற்றபோது இருந்த ஓட்டையை அடைப்பது விற்றவர் செலவு.

உதிரி பாகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் கோபம் வரும். சைரன் முப்பது ஆண்டு நிற்கும், அதிலே உள்ள கட்டுப்பாட்டு மின்சுற்று அட்டையைப் பத்து ஆண்டில் நிறுத்திவிடுகிறீர்கள். கட்டளை மொழி உங்கள் சொந்த மொழி, வேறு கம்பெனிக் கருவி அதோடு பேசாது. ஆகவே ஒரு அட்டை போனால் ஊர் முழுவதையும் மாற்ற வேண்டிய கட்டாயம். இதற்கு வியாபார தந்திரம் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அட்டை வரும்வரை அந்தக் கம்பத்தைச் சுற்றி இருப்பவர்களுக்குச் சைரன் கிடையாது.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை: நீங்கள் செய்யும் பொருள் தேவையான பொருள். கைபேசி வந்துவிட்டது, இனி எதற்குக் கம்பம் என்று கேட்பவர்களிடம் நான் உங்கள் பக்கம்தான் பேசுவேன். ஜெர்மனி, பனிப்போர் முடிந்ததும் தன் சைரன் வலையைக் கலைத்தது. விரும்பிய ஊராட்சிகள் எடுத்துக்கொண்டன, மற்ற இடங்களில் கழற்றிவிட்டார்கள். 2020 செப்டம்பர் 10 அன்று நாடு தழுவிய எச்சரிக்கை ஒத்திகை வைத்தபோது பல நகரங்களில் ஊதச் சைரனே இல்லை, கைபேசிச் செயலிகளிலும் எச்சரிக்கை தாமதமாக வந்தது. பத்து மாதம் கழித்து அதே நாட்டின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம். அங்கே மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்த இரவு அது. கலைத்த சைரனை மறுபடி வாங்க மத்திய அரசு பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலை 4 டெக்சஸ் வெள்ளத்தில் கெர் கவுண்டி என்ற மாவட்டத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே ஆற்றங்கரையில் வெள்ளச் சைரன் இல்லை, முன்பு பேசிப் பேசிக் கைவிட்ட திட்டம். அதே ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் கம்ஃபர்ட் என்ற சிற்றூர். தன்னார்வத் தீயணைப்புப் படையின் சைரன் ஊதியது, மக்கள் மேடேறினார்கள், அந்த ஊரில் உயிரிழப்பு இல்லை. கொஞ்ச காலத்துக்கு முன்புதான் அந்தச் சைரனைப் புதுப்பித்திருந்தார்கள். அதைப் பராமரித்தவர்களை எனக்கு யாரென்றே தெரியாது, ஆனாலும் பெருமையாக இருந்தது.

எனவே இனிமேல் போடும் ஒப்பந்தங்களில் இவற்றைச் சேருங்கள். 30 மீட்டர் எண்ணோடு, எந்தத் தேய்மானக் கணக்கில் வட்டம் வரைந்தீர்கள் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். நிறுவி முடித்ததும் வட்டத்தின் விளிம்பில், வீட்டுக்கு வெளியிலும் உள்ளேயும், வாங்கியவர் முன்னால் அளந்து காட்டுங்கள். பேட்டரியைச் சுமையோடு சோதித்து, பொய் சொல்லாத ஒரு நிலையைத் திரையில் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சத்தமாக ஊதிய பதிவு இல்லாவிட்டால் 'சரி' என்ற சொல் திரையில் வரவே கூடாது. உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று தேதி போட்டு எழுதுங்கள், அந்தத் தேதிக்குப் பிறகு கட்டளை மொழியைப் பொதுவில் வெளியிடுங்கள். எங்காவது ஒரு சைரன் ஊதாமல் போனால், உள்ளூர் விசாரணை முடியட்டும் என்று ஒதுங்காமல் உங்கள் பொறியாளரை அனுப்பி, என்ன ஆயிற்று என்பதை மற்ற எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதுங்கள். விமானம் விழுந்தால் விமானக் கம்பெனி சும்மா இருக்க முடிகிறதா?

விலை கூடும் என்பீர்கள். கூடட்டும். இரண்டு டெசிபலைக் குறைத்துக்கொண்டு அந்தக் காசில் இதைச் செய்யுங்கள், ஒருவர் காதுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்புறம், வடிவமைப்புப் பிரிவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பெட்டிக் கதவு முழுக்கத் திறந்ததும் அப்படியே நிற்க ஒரு கொக்கி வையுங்கள். ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையில் மீட்டரோடு நிற்கும்போது காற்றடித்து அது முகத்தில் சாத்துகிறது. இதற்கு டெண்டர், ஒப்புதல், பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கம்பங்களில் ஏறி இறங்கும் ஒரு பராமரிப்புப் பணியாளன்